முன்வரிசைக்குக் காசு கொடுக்கத்தான் வேணுமா? – வாசகர் கேள்வி பதில்

பள்ளிக்கூட லீவு வருகிறது. இந்தத் தடவை வந்த கடிதங்களில் கனபேர் ஒரே விசயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: குடும்பமாக நாடகம், படம், பாட்டு நிகழ்ச்சி என்று வெளிக்கிட்டால் விலை கூடின டிக்கெட் எடுப்பது தகுமா? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில் பிள்ளைகளுக்கான மேடை நாடகம் போடுகிறார்கள். முன்னுக்கு ஒராளுக்கு 7,500 ரூபா, நடுவில் 4,000, பின்னுக்கு 2,000. நாங்கள் ஐந்து பேர்: நானும் இவரும், மாமி, 11 வயது மகள், 5 வயது மகன். இவர் "போறதெண்டால் முன்னுக்கு இருந்து பார்ப்போம், இல்லாட்டி வீட்டிலயே நிப்போம்" என்கிறார். எனக்கு மனம் வருகுதில்லை. – வாசகி, உப்புவெளி

பதில்: நடு வரிசை எடுங்கள் தங்கச்சி. காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை, உங்கள் வீட்டு ஆட்களுக்கு அதுதான் நல்ல இடம்.

மேடை என்பது தரையில் இருந்து பெரியவர்களின் இடுப்பளவுக்காவது உயர்ந்திருக்கும். முதல் வரிசையில் இருக்கிற ஐந்து வயதுப் பிள்ளை முழு நேரமும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பார்க்க வேண்டும், நடிகர்களின் கால் அசைவு தெரியாது, பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவருக்குள் மறைந்துபோவார். பிள்ளைகள் நாடகத்தில் ஒரு கூட்டமே சேர்ந்து மரமாகும், ஆறாகும், யானையாகும். அந்த அழகு கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயரத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும். அதற்காகக் கடைசி வரிசைக்கும் போக வேண்டாம். நாடக அரங்கு கட்டுகிறவர்கள் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: மேடையில் இருந்து ஏறத்தாழ 20 மீற்றரைத் தாண்டினால் நடிகரின் முகபாவம் சரியாகத் தெரியாது என்று. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்தால் பதினைந்தாம் பதினாறாம் வரிசை வரைக்கும் பயமில்லாமல் எடுக்கலாம்.

மண்டபத்தின் அளவையும் பாருங்கள். 1953இல் திறந்த லயனல் வென்ட் அரங்கில் 600 சொச்சம் ஆசனங்கள்தான், அங்கே பின்னுக்கு இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, நடிகர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். தாமரைத் தடாகம் (நெலும் பொக்குன) அரங்கு அப்படியில்லை, 1,200க்கு மேல் ஆசனங்கள், அங்கே பின்பகுதி உண்மையிலேயே தூரம். ஆக "பின்வரிசை" என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம், எந்த மண்டபத்தின் பின்வரிசை என்று கேளுங்கள்.

இன்னொன்று. விலை வகுப்பு மாறுகிற எல்லையைப் பாருங்கள். 4,000 ரூபா வகுப்பின் முதல் வரிசை 7,500 ரூபா வகுப்பின் கடைசி வரிசைக்கு நேர் பின்னால்தான் இருக்கும். அந்த ஒரு வரிசைக்காகக் கதிரைக்கு 3,500 ரூபா கூடக் கொடுக்கிறீர்கள். ஐந்து பேருக்கு 17,500 ரூபா. டிக்கெட் விற்கத் தொடங்கிய அன்றைக்கே போன் எடுத்து அந்த வரிசையில் நடுக் கதிரைகள் இருக்கா என்று கேளுங்கள். வலது இடது ஓரங்களைத் தவிருங்கள், ஓரத்தில் இருந்தால் மேடையின் ஒரு பக்கம் திரைக்குள் போய்விடும். தரை படிபடியாக உயர்கிறதா, ஒரே சமதரையா என்றும் மறக்காமல் கேளுங்கள். சமதரையில் பிளாஸ்டிக் கதிரை அடுக்கிய மண்டபம் என்றால் நான் இதுவரை சொன்னது செல்லாது, அங்கே முன்னால் இருக்கிறவரின் தலைதான் உங்கள் மகனுக்கு நாடகம், அங்கே முன் வரிசைக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

சரி, அந்த 17,500ஐ என்ன செய்வது? திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய் விடியப்புறம் இறங்கி, யாரோ சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, வெள்ளவத்தையில் உடுப்புக்கடை ஏறி இறங்கி, பின்னேரம் நாடகத்துக்குப் போனால் உங்கள் சின்னவன் விளக்கு அணைந்த பத்தாவது நிமிடம் நித்திரையாகிவிடுவான். மாமிக்கு முழங்கால் வீங்கியிருக்கும். எந்த வரிசையில் இருந்தாலும் இரண்டு பேரும் நாடகம் பார்க்கப்போவதில்லை. அந்தக் காசில் முதல் நாளே போய் ஒரு அறை எடுத்துப் படுங்கள், நாடகத்தன்று மத்தியானம் பிள்ளையை ஒருமணி நேரமாவது தூங்க வையுங்கள். டிக்கெட்டின் பெறுமதியைக் கூட்டுகிற செலவு இதுதான். டிக்கெட்டை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதால்தான் கனபேர் ஏமாந்துபோகிறார்கள்.

இனி நான் மனதார சொல்ல விரும்புவது. விலை கூடின டிக்கெட் எடுத்தால் அந்த விலையும் மண்டபத்துக்குள் உங்களோடு வந்து இருக்கும். "இவ்வளவு காசு குடுத்துக் கூட்டி வந்தனான், அங்க பார்", "நித்திரை கொள்ளாத", "இப்ப ஒண்டுக்குப் போகேலாது, காசு குடுத்திருக்கு". இந்தக் குரல்களை எந்த மண்டபத்திலும் கேட்கலாம். பிள்ளைக்கு நாடகம் பிடிக்காமலும் போகலாம், பாதியில் பயந்து அழலாம், கதையை விட்டு மேலே எரிகிற விளக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கெல்லாம் அவனுக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமையைக் கொடுக்க உங்களால் முடிகிற விலை எதுவோ அதுதான் உங்கள் வீட்டுக்குச் சரியான விலை. 7,500 ரூபாக் கதிரையில் பிள்ளை தூங்கினாலும் பரவாயில்லை என்று சிரிக்க முடிகிற வீடுகளும் இருக்கின்றன, அவர்கள் தாராளமாக எடுக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்பதையும் நான் குறைவாக நினைக்கவில்லை. வீட்டு ஆட்களைப் பின்னுக்கு இருத்த ஒரு மனிதருக்கு மனம் வராது. "செலவு கூட" என்று சொன்னால் அவருக்குச் சுள்ளென்று இருக்கும். ஆசன வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த வரிசையில் இருந்தால் தம்பிக்கு முழு மேடையும் தெரியும், அம்மா படி இறங்கவும் தேவையில்லை" என்று காட்டுங்கள்.

பெரிய மண்டபங்களில் கதிரையின் இருக்கை தானாக மேலே மடிகிற மாதிரி இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் பாரம் அதைக் கீழே பிடித்து வைக்கப் போதாது. பிள்ளை சாய்ந்து உட்கார்ந்ததும் இருக்கை மெல்ல எழும்பும், முழங்கால் நாடியில் வந்து முட்டும், அவன் நெளிவான், பின்னால் இருப்பவர் உச்சுக் கொட்டுவார். இருக்கையின் முன் விளிம்பில் உங்கள் கையையோ கைப்பையையோ வைத்தால் போதும், நிற்கும். மடித்த சுவெற்றர் ஒன்றைக் கீழே வைத்தால் உயரமும் கூடும், குளிரூட்டிக்குள் பிறகு போர்த்தவும் உதவும்.

கேள்வி: கொழும்பு மல்டிபிளெக்ஸில் சாய்கிற சோபாக் கதிரைக்கு இரண்டு மடங்கு விலை. படம் நன்றாகத் தெரியுமா? – நிலாவெளி

பதில்: படம் எல்லாருக்கும் ஒரே படம்தான். சினிமாவில் நடிகர் உங்களுக்குக் கிட்ட வருவதில்லை, திரைதான் வருகிறது. தியேட்டரில் ஒலியையும் படத்தையும் சரிபார்ப்பவர்கள் வழமையாகத் திரையில் இருந்து மண்டபத்தின் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில், நடுவில் இருந்துதான் பார்க்கிறார்கள். அந்த இடம் சாதாரண டிக்கெட்டில் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். சோபாவுக்குக் கொடுப்பது முதுகுக்கும் காலுக்கும். மூன்று மணிநேரப் படத்துக்கு முதுகு நோ உள்ள அப்பாவைக் கூட்டிப் போனால் அவருக்கு மட்டும் அது தேவை. கலரி, ஓ.டி.சி, பல்கனி, பொக்ஸ் என்று நம் ஊர்த் தியேட்டர்களில் பிரித்திருந்ததும் இதே கணக்குத்தான், சனம் பல்கனிக்கு ஏறியது படம் வேறாகத் தெரியும் என்று இல்லை, பெண்கள் பிள்ளைகளோடு நெரிசல் இல்லாமல் இருக்கலாம் என்றுதான்.

கேள்வி: காசே இல்லாமல் கோயில் வீதியில் விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்றைக்கு ஒரு நாடகத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்பது நியாயமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், மூதூர்

பதில்: நல்ல கேள்வி ஐயா, கொஞ்சம் ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

கூத்துக் களரி வட்டமானது. சுற்றிவர சனம், நடுவில் ஆட்டம். கூத்தர் ஒவ்வொரு பக்கமும் திரும்பித் திரும்பி ஆடுவார். எல்லாப் பக்கமும் முன்பக்கம்தான், ஆகவே முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை என்று போடவே வழியில்லை. மேடையை ஒரு படச்சட்டம் மாதிரிக் கட்டி, ஒரு பக்கத்தைத் திறந்து, சனத்தை அதற்கு எதிரே வரிசையாக இருத்திய பிறகுதான் இந்த விலை வித்தியாசம் எல்லாம் வந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்குக் கொண்டுபோய் "கர்ணன் போர்", "இராவணேசன்" என்று மேடையேற்றியபோது இரவிரவாக ஆடியதைச் சுருக்கி, வட்டத்தில் ஆடியதை ஒரு பக்கம் பார்த்து ஆட வைத்தார். அதனால் கூத்து நகரத்து மேடைக்கும் படித்தவர்களின் பார்வைக்கும் வந்து சேர்ந்தது, அது பெரிய வேலை. ஆனால் அந்த மேடைக்கு வாடகை உண்டு, விளக்குக்குக் காசு உண்டு, ஒலிவாங்கிக்குக் காசு உண்டு.

அதோடு, களரிக் கூத்தும் செலவில்லாமல் நடக்கவில்லை என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்கினார், வயல் வேலை முடித்து வந்தவர்கள் இராத்திரியில் சதங்கை கட்டினார்கள், உடுப்பும் முடியும் மத்தளமும் வானத்தில் இருந்து விழவில்லை. ஊரும் கோயிலும் அதைச் சேர்ந்து சுமந்தன. இப்போது ஊருக்குப் பதிலாக டிக்கெட் சுமக்கிறது. ஆகவே நாடகத்துக்குக் காசு கேட்பது நியாயம்தான். ஐந்து பேர் உள்ள வீடு உள்ளேயே வர முடியாத விலை வைத்தால் அது நியாயமில்லை, அதையும் அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் ஐயா, எனக்கு மனம் பொறுக்காத விசயம் வேறு. கொழும்பில் 7,500 கொடுக்கலாமா என்று யோசிக்கிற அதே ஆட்கள், நம் பக்கத்துக் குழு ஒன்று சில நூறு ரூபாவுக்கு டிக்கெட் வைத்தால் "ஓசி பாஸ் இருக்கா, தம்பி?" என்று கேட்கிறார்கள். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளுக்காகவே எழுதிய நல்ல தமிழ் நாடகங்கள் இருக்கின்றன. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் "கூடி விளையாடு பாப்பா", சி. மௌனகுருவின் "தப்பி வந்த தாடி ஆடு" இரண்டும் பாட்டும் ஆட்டமுமாகப் போகிறவை, பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கக்கூடியவை, முக்கியமாக அம்மம்மாவுக்கும் பேரனுக்கும் ஒரே மொழியில் விளங்குபவை. இந்த மாதிரி ஒன்று திருகோணமலைக்கு வரும்போது பாஸ் கேட்காமல் முழு வீட்டுக்கும் டிக்கெட் எடுங்கள். ஒரு குடும்பம் கொழும்பில் ஒரு மாலைக்குக் கொடுப்பதை இங்கே இருபது குடும்பம் பகிர்ந்து கொடுத்தால் ஒரு குழு அடுத்த நாடகத்தைத் தொடங்கலாம்.

கேள்வி: அம்மா ஓகஸ்ட் மாதம் திருகோணமலையில் இருந்து லண்டனுக்கு வருகிறா. பிள்ளைகளோடு அவவையும் ஒரு பெரிய நாடகத்துக்குக் கூட்டிப் போக ஆசை. அவவுக்கு ஆங்கிலம் பெரிதாக விளங்காது. நல்ல கதிரை நூறு பவுணுக்கு மேலே போகுது. – ஹறோ, லண்டன்

பதில்: இந்த ஒரு இடத்தில் நான் கூடின விலையின் பக்கம் நிற்கிறேன், எந்த நாடகம் என்பதைப் பொறுத்து. வசனத்தில் ஓடுகிற நாடகத்துக்கு அம்மாவை எந்த வரிசையில் இருத்தினாலும் களைத்துப்போவா. பாட்டும் ஆட்டமும் பொம்மலாட்டமும் உள்ளதாகப் பாருங்கள். "த லயன் கிங்" 1999இல் இருந்து லைசியம் அரங்கில் ஓடுகிறது. அதன் தொடக்கத்தில் மிருக வேடமிட்டவர்கள் கீழ்த்தளத்து நடைபாதைகள் வழியாகப் பார்வையாளருக்கு நடுவே நடந்து மேடைக்குப் போவார்கள். கீழ்த்தளத்தில் நடைபாதை ஓரக் கதிரை கிடைத்தால் அந்த யானை அம்மாவின் தோளுக்குப் பக்கத்தால் போகும். அதற்கு மொழி தேவையில்லை, அந்தக் கூடின விலை தகும்.

விலையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஓகஸ்டில் லண்டன் அரங்குகள் சேர்ந்து "கிட்ஸ் வீக்" நடத்துகின்றன. ஒரு பெரியவர் முழுக் கட்டணம் கட்டினால் 17 வயது வரையான ஒரு பிள்ளைக்கு இலவசம், கூட வருகிற இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு அரை விலை. எந்த நாடகங்கள் சேர்ந்திருக்கின்றன என்பது வருடத்துக்கு வருடம் மாறும், விற்பனை தொடங்கியவுடன் நல்ல இடங்கள் போய்விடும், ஆகவே முந்திக்கொள்ளுங்கள். லெஸ்டர் ஸ்குயரில் உள்ள டி.கே.டி.எஸ் கூடத்திலும் கழிவு விலை டிக்கெட் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. அங்கத்தைய அரங்குகளில் கனக்க, நூறு வருடத்தைக் கடந்த கட்டடங்கள். மேல் பல்கனி செங்குத்தாக இருக்கும், பலவற்றில் மேலே போக லிஃப்ட் கிடையாது, முன்னால் உள்ள பாதுகாப்புக் கம்பி சரியாகப் பிள்ளையின் கண்மட்டத்தில் வரும். மலிவாகத் தெரிகிற டிக்கெட்டில் "பார்வை மறைக்கப்பட்ட இடம்" என்று போட்டிருந்தால் அது தூணுக்குப் பின்னால் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் முழங்காலைக் கேட்டுவிட்டு மாடியைத் தீர்மானியுங்கள். பிள்ளைகளுக்கு உயரக் குஷன் பல அரங்குகளில் சும்மா தருவார்கள், நீங்கள் கேட்க வேண்டும்.

கேள்வி: திறந்த மைதானத்தில் தென்னிந்தியப் பாடகர்களின் இசை நிகழ்ச்சி. வி.ஐ.பி டிக்கெட் எடுக்கலாமா? – உவர்மலை

பதில்: பிள்ளைகளோடு என்றால் வேண்டாம். மைதானம் சமதரை, முதல் நல்ல பாட்டுக்கே முன்னால் உள்ளவர்கள் எழும்பி நிற்பார்கள், பிறகு கதிரையில் ஏறி நிற்பார்கள், நீங்கள் திரையைத்தான் பார்ப்பீர்கள். தடுப்பு உறுதியாக இல்லாவிட்டால் வி.ஐ.பி என்பது வெறும் எழுத்து. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்பைத் தாண்டிக் கட்டணம் கட்டியவர்களின் பகுதிக்குள் புகுந்ததைச் செய்திகளில் பார்த்தோம்.

அதைவிடப் பெரிய கவலை சத்தம். முன்வரிசை என்றால் ஒலிபெருக்கிக்குக் கிட்ட. தொழிலாளரின் காதைக் காக்க அமெரிக்காவில் வகுத்த அளவுப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணிநேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். அது வளர்ந்தவர்களுக்கு. இசை நிகழ்ச்சி மூன்று நான்கு மணிநேரம் போகும். ஒலியைக் கட்டுப்படுத்துகிற பொடியன்கள் மேசை போட்டு நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருங்கள். அவர்கள் தங்கள் காதுக்குச் சரியாகத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார்கள், பாட்டு அங்கேதான் திறமாகக் கேட்கும். அது வழமையாக விலை குறைந்த பகுதிக்குக் கிட்டத்தான் இருக்கும். சின்னதுகளின் காதுக்கு மூடி வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பிள்ளையை நாடகத்துக்குக் கூட்டிப் போகலாமா? – தம்பலகாமம்

பதில்: ஒருமணி நேரத்துக்குள் முடிகிற, விளக்கை முழுதாக அணைக்காத நாடகம் என்றால் கூட்டிப் போங்கள். மற்றவைக்கு இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாம். போனால் வாசலுக்குக் கிட்ட, நடைபாதை ஓரக் கதிரை, எவ்வளவு மலிவோ அவ்வளவு நல்லது. பிள்ளை அழுதால் யார் எழும்புவது என்று தாயும் தகப்பனும் வீட்டிலேயே பேசி வையுங்கள், இடைவேளைக்குப் பிறகு ஆளை மாற்றுங்கள், இரண்டு பேரும் பாதிப் பாதியாவது பார்க்கலாம். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று வாசலில் நிற்பவரிடம் முதலே கேட்டு வையுங்கள். மடியில் வைத்திருந்தாலும் சில மண்டபங்களில் பிள்ளைக்கு முழு டிக்கெட் கேட்பார்கள், சில இடங்களில் மூன்று வயதுக்குக் குறைந்தவர்களை விடவே மாட்டார்கள், அதையும் பஸ் ஏற முன்னம் போனில் கேட்டுவிடுங்கள்.